மழலையும் பிள்ளைத்தமிழும்: குழந்தை ஓவியமும் நவீன ஓவியமும்

பாலக்காட்டுச் சமவெளியிலாயினும், தேவிகுளம், பீர்மேடு மலைகளிலாயினும், தமிழ்ச் சங்க விழா என்றால் சிறுவர்க்கான ஓவியப் போட்டி ஒன்று அதில் இடம்பெறாமல் இராது. மண்டபத்துத் தரையில் பாய் விரித்து, மடியில் அட்டையும் அருகே வண்ணப் பெட்டியுமாகப் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்திருப்பர். ‘இயற்கைக் காட்சி’ என்று தலைப்பு அறிவிக்கப்பட்டவுடன் பெரும்பாலோர் கை ஒரே படத்தை நோக்கிச் செல்லும். முக்கோணமாக இரு மலைகள். நடுவே பாதி எழுந்த சூரியன். அங்கிருந்து வளைந்து இறங்கும் ஓர் ஆறு. கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. வானில் மூன்று பறவைகள். மலையே காணாத ஊர்ப் பிள்ளைகள் இவ்வாறு வரைவதில் வியப்பில்லை. மூணாற்று மலையிலே பிறந்து, நாள்தோறும் மேகத்துக்குள் நடந்து பள்ளி செல்லும் பிள்ளைகளும் இதே முக்கோண மலையைத்தான் வரைகின்றனர் என்பதே சிந்திக்கத்தக்கது.

சில ஆண்டுகளுக்கு முன் மலைப்பகுதியில் நடைபெற்ற இத்தகைய போட்டி ஒன்றில் நடுவர் மூவருள் நாமும் ஒருவராக அமர்ந்திருந்தோம். எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி தாள் முழுவதையும் பச்சை வண்ணத்தால் நிரப்பியிருந்தாள். வானமும் இல்லை, சூரியனும் இல்லை. பச்சையின் ஊடே கறுப்புக் கோடுகள் நெருக்கமாக வளைந்து சென்றன. வலப்புற மேல் மூலையில் நகக்கண் அளவில் ஒரு நீலப் புள்ளி. நடுவர் ஒருவர், “தாளைப் பாழாக்கிவிட்டாள்” என்றார். மற்றொருவர், “இல்லை, இது மாடர்ன் ஆர்ட்” என்றார். மூவரும் சிரித்தோம். பரிசு முக்கோண மலைக்குச் சென்றது. விழா முடிந்து படங்களைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அந்த நீலப் புள்ளி யாதென்று அவளிடம் கேட்கத் தோன்றிற்று. “அம்மா” என்றாள். எதிர்மலைச் சரிவில் மழைக்கு நீலப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு கொழுந்து எடுக்கும் தாய், லயத்து வாசலில் நிற்கும் மகளின் கண்ணுக்கு எவ்வளவில் தெரிவாளோ அவ்வளவில் அவள் வரையப்பட்டிருந்தாள். கறுப்புக் கோடுகள் தேயிலை நிரைகளுக்கு இடைப்பட்ட தடங்கள்.

அன்று நாம் செய்த பிழை ஒரு பரிசைத் தவறான கையில் கொடுத்தது மட்டுமன்று. குழந்தையின் படத்தையும் நவீன ஓவியத்தையும் ஒரே சிரிப்பில் தள்ளிவிட்டோம். இவ்விரண்டையும் பற்றி நாம் தெளிவாக எண்ணிப் பார்த்ததில்லை என்பதே அச்சிரிப்பின் பொருள். அத்தெளிவைத் தேடும் ஒரு சிறு முயற்சியே இக்கட்டுரை.

இரண்டு சொற்கள்

ஓவியம் பற்றிய பேச்சில் நம்மிடையே இரண்டு சொற்கள் அடிக்கடி வழங்குகின்றன. நவீன ஓவியம் ஒன்றைக் கண்டால், “இதை என் பிள்ளையே வரைந்துவிடுவான்” என்கிறோம். பிள்ளை ஒன்று சற்று நன்றாக வரைந்துவிட்டால், “இவன் பிறவிக் கலைஞன்” என்கிறோம். முன்னது இகழ்ச்சி, பின்னது புகழ்ச்சி. எனினும் இரண்டும் ஒரே இடத்திலிருந்து பிறப்பவை. இரண்டிலும் நாம் படத்தைப் பார்க்கவில்லை. வரைந்த கையின் வயதையே பார்க்கிறோம். பெரியவர் கை எளிய கோட்டை இழுத்தால் ஏமாற்று என்கிறோம். சிறியவர் கை அரிய கோட்டை இழுத்தால் அற்புதம் என்கிறோம். கோடு எப்படி இருக்கிறது, எதைக் காட்டுகிறது என்ற கேள்வி இரண்டிடத்தும் எழுவதில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. இசை, கணிதம், சதுரங்கம் ஆகிய துறைகளில் விதிகள் முன்னரே வகுக்கப்பட்டுள்ளன. ஆறு வயதுக் குழந்தை தாளம் பிசகாமல் பாடினால் அதன் மேதைமையை அளக்க ஓர் அளவுகோல் நம் கையில் உண்டு. ஓவியத்திலும் நெடுங்காலம் அத்தகைய அளவுகோல் இருந்தது. உள்ளதை உள்ளவாறு வரைதல் என்பதே அது. நிழற்படக் கருவி வந்தபின் அவ்வளவுகோல் தன் முதன்மையை இழந்தது. ஓவியன் புதிய கேள்விகளைக் கேட்கத் தொடங்கினான். பார்ப்போர் கையில் மட்டும் பழைய கோல் அப்படியே தங்கிவிட்டது. அதனால்தான் நவீன ஓவியம் குறைவுடையதாகவும், பெரியவரைப் போல் வரையும் குழந்தை நிறைவுடையதாகவும் நமக்குத் தோன்றுகின்றன.

கொச்சியில் ஒரு சிறுவன்

நாம் வாழும் மாநிலத்தில் இப்பொருளைப் பேசும் எவரும் ஒரு பெயரைக் கடந்து செல்ல இயலாது. எட்மண்ட் தாமஸ் கிளிண்ட் 1976 மே 19ஆம் நாள் பிறந்தான், கொச்சியில் வளர்ந்தான். தந்தை எம்.டி. ஜோசப், தாய் சின்னம்மா. 1983 ஏப்ரல் 15ஆம் நாள் சிறுநீரக நோயால் மறைந்தான். ஏழாம் பிறந்த நாளைக் காண அவனுக்கு இன்னும் முப்பத்து நான்கு நாட்களே இருந்தன. அவன் வாழ்ந்த நாட்கள் 2,522. விட்டுச் சென்ற படங்கள் 25,000க்கு மேல். பிறந்த நாள் முதலே கணக்கிட்டாலும் நாளொன்றுக்குப் பத்துப் படம் ஆகிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர்க்கான போட்டியில் ஐந்து வயதில் முதற்பரிசு பெற்றவன் அவன். 2017இல் ஹரிகுமார் இயக்கத்தில் ‘கிளிண்ட்’ என்னும் மலையாளத் திரைப்படம் வெளிவந்தது.

இச்செய்திகள் பலரும் அறிந்தவை. ஆயின் கிளிண்டைப் பற்றி எழுதப்படுவனவற்றுள் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. எண்ணிக்கை ஒரு பக்கம், இறப்பு ஒரு பக்கம். இரண்டையும் சொல்லிக் கண்ணீர் மல்கி முடித்துவிடுகின்றனர். எண்ணிக்கை வியப்பைத் தரும். இறப்பு இரக்கத்தைத் தரும். வியப்பும் இரக்கமும் ஓவியத்தைக் காண உதவுவன அல்ல. இருபத்தையாயிரம் படங்களில் மிகப் பல, எந்தக் குழந்தையும் வரையக்கூடியனவாகவே இருக்கும்; இருக்கவும் வேண்டும். அவை பயிற்சி, விளையாட்டு, மூச்சு. அவற்றைக் கூட்டி ஓர் எண்ணாக்கிப் போற்றுவது செய்தித்தாளின் வழக்கம். திறனாய்வு தனித்தனிப் படத்தின் முன் நிற்க வேண்டும்.

அவ்வாறு நின்று பார்க்கும்போது கிளிண்டின் சிறப்பு வேறோர் இடத்தில் புலப்படுகிறது. யானை, பறவை, படகு, அந்தி வானம், கோயில் திருவிழா, வடகேரளத்துத் தெய்யம் ஆகியவை அவன் விரும்பி வரைந்த பொருள்கள். அவை யாவும் கண்ணாலோ, கேட்ட கதையாலோ அவனை வந்தடைந்தவை. தெய்யத்தின் முகத்தெழுத்து, முடி, செந்நிறம் ஆகியவை கைதேர்ந்தோர்க்கும் எளிதில் வசப்படாதவை. அவற்றின் நுணுக்கத்தை எண்ணி எண்ணிப் பதிவு செய்வதைக் காட்டிலும், அக்கோலம் காண்பவர் மீது வீசும் வெம்மையையே அச்சிறுவன் தாளில் பிடிக்க முயன்றான். அவன் வயதை மறைத்துவிட்டு அப்படங்களை வைத்தாலும் நின்று பார்க்கத் தோன்றும். குழந்தை மேதையை அளக்க நாம் அறிந்த ஒரே நேர்மையான சோதனை இதுவே. வயதுச் சீட்டை அகற்றியபின் படம் நிற்கிறதா, விழுகிறதா?

அப்படியாயின் கிளிண்ட் நவீன ஓவியனா? இல்லை என்பதே நம் விடை. அது அவனுக்குக் குறைவு அன்று. நவீன ஓவியன் தனக்கு முன் வரையப்பட்டவற்றை அறிந்து, அவற்றுள் சிலவற்றை ஏற்று, சிலவற்றை விலக்கி, அதற்குப் பொறுப்பேற்று வரைகிறான். குழந்தைக்கு விலக்குவதற்கு எதுவும் இல்லை. அது நேரே உலகத்தைப் பார்க்கிறது. எட்டு, ஒன்பது வயதளவில் குழந்தைகள் பிறர் வரைவதைப் பார்த்து வரையத் தொடங்குகின்றனர் என்பதைப் பள்ளியாசிரியர் யாவரும் அறிவர். முக்கோண மலை அப்போதுதான் வேரூன்றுகிறது. கிளிண்ட் அப்பருவத்தை எட்டாமலே போய்விட்டான். அவன் கண் இறுதிவரை அவன் கண்ணாகவே இருந்தது. அவன் படங்களில் நாம் காண்பது வருங்காலப் பெரும் ஓவியனின் முன்னோட்டம் என்று சொல்ல நம்மிடம் சான்று இல்லை. நிறைவுற்ற ஒரு குழந்தைப் பார்வை என்று மட்டும் துணிந்து சொல்லலாம்.

கிளிண்டுக்கு ஓராண்டு முன், 1975இல், சீனத்தின் குவாங்சி மாநிலத்தில் பிறந்தவர் வாங் யானி. இரண்டரை வயதில் தூரிகை பிடித்துக் குரங்குகளை வரைந்தார். ஆறு வயதுக்குள் நான்காயிரம் படங்கள் வரைந்தார். 1989இல் வாஷிங்டன் நகரின் சாக்லர் காட்சியகத்தில் அவர் படங்கள் வைக்கப்பட்டன. அவருடைய தந்தையும் ஓவியரே. தம் பாணி மகளின் கையில் படிந்துவிடக் கூடாது என்று கருதித் தாம் வரைவதையே அவர் நிறுத்திக்கொண்டார். கிளிண்டின் பெற்றோர் மகன் கேட்ட தாளையும் வண்ணத்தையும் கொடுத்து, அவன் வரைந்தவற்றைக் காத்து வைத்தனர். இரண்டு வீடுகளிலும் பெரியவர்கள் கையைப் பிடித்து எழுதுவிக்கவில்லை. இடம் விட்டு நின்றனர். பிறவி மேதை என்று நாம் சொல்லும்போது இந்த இடம் விடுதலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஐயத்தின் நிழல்

இதன் மறுபக்கத்தையும் காண்போம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், பிங்காம்டன் என்னும் ஊரில், 2000இல் பிறந்த மார்லா ஓம்ஸ்டெட் என்னும் சிறுமி நான்கு வயதில் பெரிய திரைகளில் வண்ணங்களை அள்ளித் தெளித்து வரைந்தாள். அவை ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றன. செய்தித்தாள்கள் அவளைப் புகழ்பெற்ற அருவ ஓவியர்களோடு ஒப்பிட்டன. 2005இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, அவள் தனியாகத்தான் வரைகிறாளா என்று ஐயம் எழுப்பியது. பெற்றோர் அதை மறுத்தனர். 2007இல் அமீர் பார்-லெவ் எடுத்த ஆவணப்படம் எந்த முடிவையும் கூறாமலே முடிந்தது. ‘என் குழந்தை இதை வரையும்’ என்ற பொருள்படும் தலைப்பை அவர் அப்படத்துக்கு இட்டார்.

இங்கே நம் கவனத்துக்கு உரியது அவள் வரைந்தாளா, பிறர் உதவினரா என்பதன்று. நான்கு வயதுப் பிள்ளையின் விளையாட்டுக்கு விலை வைத்தவுடன், அவ்விளையாட்டுச் சாட்சி கூறும் கடமையாக மாறிவிட்டது. அதே நேரத்தில் நவீன ஓவியமும் கூண்டில் ஏற்றப்பட்டது. குழந்தை தனியே வரைந்திருந்தால் நவீன ஓவியம் வெறும் கிறுக்கல் என்று ஆகிவிடும். பெரியவர் உதவியிருந்தால் அது மோசடி என்று ஆகிவிடும். எப்படியாயினும் தோற்பது ஓவியமே. இத்தகைய வழக்கில் எந்தத் தீர்ப்பும் நேர்மையாக இருக்க முடியாது.

திறனாய்வாளரும் ஏமாந்தது உண்டு. அதை மறைப்பது முறையாகாது. 1964இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில், பியர் பிராசோ என்னும் பிரெஞ்சு ஓவியரின் படைப்புகள் என்று ஓர் இதழாளர் சில படங்களைக் காட்சிக்கு வைத்தார். விமரிசகர் ஒருவர் அவற்றை மனமாரப் புகழ்ந்தார். வரைந்தது ஒரு சிம்பன்சிக் குரங்கு. இக்கதையை நவீன ஓவியத்தின் பகைவர் இன்றும் மகிழ்ந்து சொல்வர்.

ஆயின் ஒரு கதையைக் கொண்டு ஒரு கலையைத் தள்ளிவிட இயலாது. 2011இல் பாஸ்டன் கல்லூரியைச் சேர்ந்த ஏஞ்சலினா ஹாலி-டோலன், எலன் வின்னர் என்னும் இரு உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினர். முப்பது இணைப் படங்களை எடுத்துக்கொண்டனர். ஒவ்வோர் இணையிலும் ஒன்று பெயர்பெற்ற அருவ ஓவியருடையது. மற்றது குழந்தையோ விலங்கோ வரைந்தது. இரண்டும் மேலோட்டமாக ஒத்துத் தோன்றுமாறு தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஓவியம் பயிலும் மாணவரும், அதனைப் பயிலாத மாணவரும் பார்த்தனர். சிலவற்றில் பெயர்ச் சீட்டைச் சரியாக ஒட்டினர். சிலவற்றில் மாற்றி ஒட்டினர். சிலவற்றில் ஒட்டவே இல்லை. ஏறத்தாழ நூற்றுக்கு 60 முதல் 70 முறை, ஓவியரின் படமே சிறந்தது என்று அவர்கள் தேர்ந்தனர். குருட்டாம்போக்கில் தேர்ந்தால் 50 வந்திருக்கும். சீட்டை மாற்றி ஒட்டியபோதும் பெரும்பாலும் இதுவே விளைந்தது. மூன்றில் ஒரு பங்கு தவறியதும் உண்மையே. எனினும் வண்ணத்தின் பின்னே ஓர் எண்ணம் இயங்கியதா இல்லையா என்பதைப் பயிலாத கண்ணும் ஓரளவு உணர்கிறது என்பதற்கு இது சான்று. “என் பிள்ளையே வரைந்துவிடுவான்” என்று சொல்லும் வாய்க்கு முன்பே கண் வேறுபாட்டைக் கண்டுவிடுகிறது போலும்.

பிள்ளைத்தமிழ் தரும் விளக்கம்

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நாம் அயல்நாடு செல்லத் தேவையில்லை. தமிழிலேயே அதற்கு ஓர் அரிய சான்று உண்டு.

வள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் மழலையை இசைக் கருவிகளுக்கும் மேலாக வைத்தார். ஆயின் அவர் எல்லாக் குழந்தைகளின் மழலையையும் அவ்வாறு கூறவில்லை. தம் மக்களின் மழலையைப் பற்றியே கூறினார். அது பெற்றோர் செவியின் இன்பம். இசையறிஞரின் தீர்ப்பாக அதை அவர் வைக்கவில்லை. பெற்றோர்க்கு அவ்வின்பத்தை நுகர முழு உரிமை உண்டு. அதை ஊரின் தீர்ப்பாக மாற்ற முயலும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

மறுபுறம், பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை நம்மிடம் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடினார். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி எனப் பத்துப் பருவங்கள் வகுத்து, குழந்தை தவழ்வதையும் கைகொட்டுவதையும் நிலவை அழைப்பதையும் பாடும் நூல் அது. அது முழுவதும் குழந்தைமையே நிறைந்திருக்கிறது. எனினும் அது குழந்தை பாடிய பாட்டு அன்று. யாப்பும் அணியும் பழம் புராணமும் கற்றுத் தேர்ந்த புலவர் ஒருவர், அக்கல்வியின் முழுப் பாரத்தையும் சுமந்துகொண்டே குழந்தைமையை நோக்கிக் குனிந்து பாடியது. “இதை என் பிள்ளையே பாடிவிடுவான்” என்று எவரும் பிள்ளைத்தமிழைப் பார்த்துச் சொன்னதில்லை.

குழந்தையின் படம் மழலை. குழந்தையைப் போல் வரையும் நவீன ஓவியரின் படம் பிள்ளைத்தமிழ். இரண்டும் இனியவை; இரண்டும் ஒன்றல்ல. மழலைக்கு இலக்கணம் கேட்பது பேதைமை. பிள்ளைத்தமிழை மழலை என்று கருதுவதும் பேதைமையே.

ஐரோப்பிய ஓவியர் இதனை அறிந்தே செய்தனர். 1912இல் காண்டின்ஸ்கியும் பிரான்ஸ் மார்க்கும் வெளியிட்ட ‘நீலக் குதிரைவீரன்’ தொகுப்பில், பெரும் ஓவியரின் படங்களோடு குழந்தைகளின் படங்களும் இடம்பெற்றன. பால் கிளே 1911இல் தம் படைப்புகளுக்குப் பட்டியல் எழுதத் தொடங்கியபோது, தாம் சிறுவனாக இருந்தபோது வரைந்த சிலவற்றையும் அதில் சேர்த்தார். பள்ளிப் பயிற்சியில் வரைந்த பலவற்றைச் சேர்க்கவில்லை. அவர் தேடிச் சென்ற எளிமை, கடினத்தைக் கடந்து வந்தவன் கண்ட எளிமை.

நம் எல்லைக்கு அருகே இதனினும் நெருங்கிய சான்று உண்டு. வாளையாற்றுக்கு அப்பால் கோயம்புத்தூரில் 1911இல் பிறந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். சிறு வயதிலேயே நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகளை வரைந்து பாராட்டுப் பெற்றவர். அக்காலத்து வழக்கில் அவரையும் குழந்தை மேதை என்றே சொல்லியிருப்பர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, பின்னர் அதன் தலைவராகவும் விளங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர் அவரே. சிறுவயதுத் திறமையோடு அவர் நின்றிருந்தால் நல்ல நீர்வண்ணக்காரர் என்ற அளவில் மறக்கப்பட்டிருப்பார்.

1963 அளவில், ஐம்பத்திரண்டு வயதில், ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கத்தைப் பார்க்க நேர்ந்தது அவருக்கு. எண்களும் இயற்கணிதக் குறிகளும் வடிவியல் கோடுகளும் நெருங்கிக் கிடந்த அப்பக்கம் அவருக்கு ஒரு புதிய வழியைக் காட்டியது. ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசை ஓவியங்கள் அதிலிருந்து பிறந்தன. மலையாள எழுத்துப் போலத் தோன்றி, படிக்கப் புகுந்தால் பொருள் தராத வரிகளும், ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்களும், மீன், பறவை முதலிய உருவங்களும் அவற்றில் நிறைந்துள்ளன. மாணவன் கணக்கைத்தான் எழுதினான். அதை ஓவியமாகக் கண்டது பணிக்கரின் முப்பதாண்டுப் பயிற்சி.

இவ்வரிசையை நம்மவர் பலர் புரியாத ஓவியம் என்று ஒதுக்குவர். உண்மையில் இதைப் புரிந்துகொள்ளும் தகுதி நம்மைவிட வேறு யாருக்கு உண்டு? எல்லை கடந்து வந்த முதல் தலைமுறையினர் பேருந்தின் ஊர்ப் பலகையைப் படிக்க இயலாமல், எழுத்தைப் படமாகவே பார்த்து நின்ற நாட்கள் நம் குடும்பங்களின் நினைவில் உள்ளன. வளைந்தும் சுழித்தும் செல்லும் அவ்வரிவடிவம் ஏதோ சொல்கிறது. என்ன சொல்கிறது என்று மட்டும் தெரியவில்லை. அந்த நிலையையே பணிக்கர் ஓவியமாக்கினார். நம் தாத்தாவுக்கு அது துயரம். அவருக்கு அது கலைப்பொருள். இரண்டையும் இணைத்துப் பார்க்க நமக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

பணிக்கரின் மாணவருள் கே. ராமானுஜம் (1940–1973) என்பவர் கனவு மாளிகைகளையும் விந்தை விலங்குகளையும், அவற்றிடையே தொப்பி அணிந்த தம் உருவத்தையும் மைக்கோடுகளால் நெய்தார். பார்ப்போர்க்குச் சிறுபிள்ளையின் கதைப்புத்தகம் போல் தோன்றும் அப்படங்களில் ஒரு பெரியவரின் தனிமை முழுவதும் அடங்கியிருக்கிறது. அதைக் கண்டுகொண்ட ஆசிரியர் ஒருவர் அவருக்கு வாய்த்தார்.

நம் வாசலில்

அருவ ஓவியம் நமக்கு அயலானது என்ற எண்ணமும் மீண்டும் ஆராயத்தக்கது. விடியலில் வாசல் தெளித்துப் புள்ளி வைத்து இழுக்கும் சிக்குக் கோலம் எந்தப் பொருளின் படம்? அது எதையும் படம்பிடிக்கவில்லை. கோடு புள்ளியைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர வேண்டும் என்ற ஒழுங்கே அதன் பொருள். கல்பாத்தி அக்கிரகாரத்து வாசலிலும், மலைத்தோட்ட லயத்து வாசலிலும் அது ஒன்றே. பத்து வயதுச் சிறுமி நாற்பது புள்ளிக் கோலத்தைப் பிசகாமல் இழுத்து முடிக்கிறாள். அவளை மேதை என்று எவரும் செய்தித்தாளுக்கு எழுதியதில்லை. மாலைக்குள் அது மிதிபட்டு அழிகிறது. மறுநாள் வேறொன்று பிறக்கிறது. இந்நாட்டுக் களமெழுத்தும் அத்தகையதே. அரிசி மாவு, மஞ்சள், இலைப்பொடி, உமிக்கரி, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த செம்பொடி ஆகிய ஐந்து பொடிகளால் மணிக்கணக்கில் எழுதிய தேவி உருவம் சடங்கின் முடிவில் கையாலேயே கலைக்கப்படுகிறது.

பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் தோல்பாவைக் கூத்து நடைபெறுகிறது. கம்பராமாயணப் பாடல்களை அடிப்படையாகக் கொண்டு இரவு முழுவதும் அது நிகழும். மலையாள மண்ணில் தமிழ்க் காப்பியத்தைக் காத்து வரும் அக்கலையை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் பார்த்திருக்கின்றனர்? மறையூர்ப் பக்கத்து மலைகளில் முனியறைகளும் பழங்காலத்து மனிதர் தீட்டிய பாறை ஓவியங்களும் உள்ளன. பள்ளிச் சுற்றுலா அணைக்கும் பூங்காவுக்கும் செல்கிறது. அப்பாறைகளின் முன் நிற்பதில்லை. பார்க்காத கண்ணிடம் முக்கோண மலையைத் தவிர வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

பிள்ளையின் தோளில் ஏற்றும் சுமை

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இதில் தனிப்பட்ட ஓர் ஆபத்து உண்டு. 1956இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபின், இம்மண்ணில் நாம் சிறுபான்மையர். மொழியால் சற்று ஒதுங்கி வாழும் கூட்டத்துக்குத் தன் பெயர் ஒரு நாள் உயர வேண்டும் என்ற ஏக்கம் இயல்பு. பிள்ளை ஒருவன் பரிசு பெற்றால் நம் கூட்டமே பரிசு பெற்றதாக மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சி குற்றமன்று. ஆயின் அந்த ஏக்கத்தின் முழுப் பாரத்தையும் எட்டு வயதுப் பிள்ளையின் வண்ணப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். பிள்ளை அதை விரைவில் உணர்ந்துகொள்கிறது. எது பரிசு பெறும் என்று கற்றுக்கொள்கிறது. தன் மலையை விட்டுவிட்டு முக்கோண மலைக்கு மாறிவிடுகிறது. முக்கோண மலை சோம்பலால் பிறப்பதன்று. பெரியவரை மகிழ்விக்கும் ஆசையால் பிறப்பது.

ஆதலின் மேதையைத் தேடும் வேலையை நாம் விட்டுவிடலாம். மேதை இருந்தால் அவன் நம் தேடலுக்காகக் காத்திருக்க மாட்டான். நாம் செய்யக்கூடியவை மிக எளியவை. தாளும் வண்ணமும் தட்டாமல் கொடுத்தல், சூரியனைப் பச்சையாக வரைந்தால் திருத்தாதிருத்தல், படத்தின் பின்புறம் நாளைக் குறித்துக் காத்து வைத்தல், போட்டித் தலைப்பை ‘இயற்கைக் காட்சி’ என்று வைக்காமல் ‘எங்கள் வாசலிலிருந்து தெரிவது’ என்று வைத்தல், பரிசு கொடுக்கும் முன் ஒவ்வொரு பிள்ளையிடமும், “இது என்ன?” என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக விடையைக் கேட்டல். சங்கங்கள் வரும் ஆண்டிலேயே இவற்றைத் தொடங்கலாம், பெரும்பொருள் தேவையில்லை.

அப்பச்சைப் படத்தை நாம் அன்று அச்சிறுமியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். அது இன்று எங்கே இருக்கிறதோ, அறியோம். லயத்துச் சுவரில் சில நாள் ஒட்டியிருந்திருக்கலாம். அடுப்பு மூட்டவும் பயன்பட்டிருக்கலாம். அது நவீன ஓவியமா என்று இன்று எவரேனும் கேட்டால், இல்லை என்றே சொல்வோம். அது ஒரு குழந்தை தன் தாயைத் தேடிக் கண்டுபிடித்த இடத்தைக் குறித்து வைத்த படம். அத்தனை பெரிய பச்சையில் அத்தனை சிறிய நீலத்தை அவள் தவறாமல் கண்டாள். நடுவராக அமர்ந்த நாம் காணவில்லை. அடுத்த முறை அத்தகைய தாள் ஒன்று கைக்கு வரும்போது சிரிக்காமல் ஒரு கணம் நிற்போமாயின், அச்சிறுமிக்கு நாம் பட்ட கடனில் ஒரு பங்கு தீரும்.